இரண்டு பிரதி வாங்குங்கள்: சில புதிய புத்தகங்களைப் பற்றி

(நமது சங்கத்தின் வாஷி அங்கத்தினர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை. பிற ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



"புதிய புத்தகங்களும் அவற்றின் ஆசிரியர்களும்" என்று தலைப்புக் கொடுத்து, கதை, கட்டுரை, கவிதை மூன்றையும் தொட்டுவிட வேண்டும் என்று செயலாளர் ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார். நான் இலக்கிய விமரிசகன் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு மத்திய சர்க்காரில் முப்பத்தாறு வருஷம் கோப்பு பார்த்தவன். எந்தக் கோப்பையும் முதல் தாளிலிருந்து கடைசிக் குறிப்பு வரை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. ஆகவே கடைசிப் பக்கம் வரை படித்த புத்தகங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். மதிப்புரையைப் படித்துவிட்டுப் புத்தகத்தைப் பற்றிப் பேசும் கலை எனக்குக் கைவரவில்லை.

"புதிய" என்ற சொல்லுக்கு ஒரு வரையறை வேண்டும். நமது சங்கத்து அலமாரியைப் போன வாரம் திறந்து பார்த்தேன். கல்கி, தேவன், லக்ஷ்மி, தி. ஜானகிராமன், சுஜாதா. எல்லாம் அருமையான புத்தகங்கள். சில வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கத்தரித்துப் பைண்டு செய்து வைத்த புண்ணியவான் யாரோ, அவருக்கு ஒரு நமஸ்காரம். ஆனால் சுஜாதா காலமானது 2008 பிப்ரவரியில். அதற்குப் பிறகு எழுதப்பட்ட தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட அந்த அலமாரியில் இல்லை. ஆகவே 2008-க்குப் பின் வந்தவை எல்லாம் நமக்குப் புதியவை என்று வைத்துக்கொள்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துப் புத்தகத்தைப் புதுசு என்கிறாரே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கச் சற்றுக் கசப்பாக இருக்கும். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்த கடைசித் தலைமுறை நாம்தான். பேரன் பேத்திகள் தமிழ் பேசுகிறார்கள், அதற்கே சந்தோஷப்பட வேண்டும். ஆனால் பேசுகிற தமிழை வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில்தான் அனுப்புகிறார்கள். இந்த மும்பையில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைகளைப் பார்க்க வேண்டுமானால் வாஷியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தேடிப் பிரயோஜனமில்லை, தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பேரக் குழந்தைகள் அங்கே படிக்கிறார்கள். நம்மைவிட எத்தனையோ வசதி குறைந்தவர்கள் பிடித்து வைத்திருப்பது நம் வீடுகளில் நழுவிக்கொண்டிருக்கிறது.

இதற்கு என்ன வழி என்று நாம் பல கூட்டங்களில் பேசியாகிவிட்டது. வாராந்திரத் தமிழ் வகுப்பு தொடங்குவதும், பரீட்சை சீசன் வந்ததும் நிற்பதும் நமக்குப் பழக்கம். நான் ஒரு சின்ன யோசனைதான் சொல்லப் போகிறேன். ஒரே புத்தகத்தை இரண்டு பிரதி வாங்குங்கள். தமிழில் ஒன்று நமக்கு, ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒன்று அவர்களுக்கு. இருபது வருஷத்துக்கு முன்னால் இது அவ்வளவு சுலபமில்லை. ஒரு தமிழ் நாவல் ஆங்கிலத்துக்குப் போக முப்பது நாற்பது வருஷம் ஆகும், போகாமலேயும் இருக்கும். இன்று பெங்குவின், வெஸ்ட்லேண்டு, ஜக்கர்நாட் போன்ற பெரிய பதிப்பகங்களே தமிழ்ப் புத்தகங்களைத் தேடி வாங்கி மொழிபெயர்க்கின்றன. 2023 ஜனவரியில் சென்னையில் தமிழ்நாடு அரசு முதல் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியை நடத்தி, மொழிபெயர்ப்புக்கு மானியமும் அறிவித்தது. சர்க்கார் மானியம் என்றால் அதில் எத்தனை படிவம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நல்ல காரியம்.

பொன்னியின் செல்வன் விஷயத்தில் இது எப்படி நடந்தது என்று நாமே பார்த்தோம். 2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் படம் வந்தது. அதுவரை தாத்தா சொன்னால் காதில் வாங்காத குழந்தைகள் நந்தினி யார், ஆழ்வார்க்கடியான் யார் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமையாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அதனால் விதவிதமான பதிப்புகள் கிடைக்கின்றன. ஆங்கிலத்திலும் பழைய சி.வி. கார்த்திக் நாராயணன் மொழிபெயர்ப்பு உண்டு, நந்தினி கிருஷ்ணனின் புதிய மொழிபெயர்ப்பும் வந்திருக்கிறது. தாத்தா தமிழில், பேரன் ஆங்கிலத்தில், இரண்டு பேருக்கும் வந்தியத்தேவன் ஒரே ஆள். ஆனால் பல வீடுகளில் அது அந்தப் படத்தோடு நின்றுவிட்டது. அடுத்து என்ன படிக்கலாம் என்று குழந்தைகள் கேட்டபோது பதில் சொல்ல நம்மிடம் புத்தகம் இல்லை.

பதிலாக நான் முதலில் சொல்லும் புத்தகம் ஜெயமோகனின் "அறம்". 2011-ல் வந்த சிறுகதைத் தொகுப்பு. நிஜமாக வாழ்ந்த மனிதர்களை வைத்து எழுதியது. ஆங்கிலத்தில் பிரியம்வதா ராம்குமார் மொழிபெயர்ப்பில் "ஸ்டோரீஸ் ஆஃப் தி ட்ரூ" என்று 2022-ல் வந்தது. இதிலுள்ள "யானை டாக்டர்" கதையை மட்டுமாவது படியுங்கள். தமிழ்நாடு வனத்துறையில் கால்நடை மருத்துவராக இருந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றியது. டாக்டர் கே என்று காட்டில் எல்லோருக்கும் தெரிந்தவர், 2002-ல் காலமானார். காட்டில் யானை செத்துக் கிடந்தால் புதைத்துவிட்டுப் போவதே வழக்கமாக இருந்த காலத்தில், ஒவ்வொன்றையும் அறுத்துப் பரிசோதித்து இறப்புக்குக் காரணம் கண்டு எழுதி வைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். கதையில், உல்லாசப் பயணம் வருகிறவர்கள் குடித்துவிட்டு உடைத்துப் போடும் பீர் பாட்டில் யானையின் காலில் ஏறி, அத்தனை பெரிய ஜீவன் நடக்க முடியாமல் அழுகிச் சாகிற இடம் ஒன்று வருகிறது. அதைப் படித்த பிறகு மாத்தேரானுக்கோ லோனாவ்லாவுக்கோ போகிற நம் பிள்ளைகள் ஒரு கண்ணாடிச் சில்லைத் தரையில் போட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

என்னை அந்தக் கதையில் பிடித்து நிறுத்தியது வேறொன்று. அவருக்குப் பத்ம விருது வாங்கித் தர ஒரு அதிகாரி முயற்சி செய்கிறார். சிபாரிசு போகிறது, விருது வரவில்லை. டாக்டர் கே அதைப் பற்றிக் கவலையே படவில்லை. சர்க்கார் உத்தியோகம் என்றாலே லஞ்சமும் மெத்தனமும்தான் என்று எழுதுகிற கதைகள் ஆயிரம். ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் தன் வேலையைத் தவமாகச் செய்ததைச் சொல்லும் கதையை அறுபது வயதுக்கு மேல் படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

இரண்டாவது, பெருமாள்முருகனின் "ஆளண்டாப் பட்சி". இந்தப் பெயரைச் சொன்னதும் சிலர் முகம் மாறுவது தெரிகிறது. அவருடைய வேறொரு நாவலை வைத்து 2014, 2015-ல் நடந்த சர்ச்சை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் எழுத வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதும் பத்திரிகைகளில் வந்தவை. அந்தச் சர்ச்சையில் யார் பக்கம் நின்றவராக இருந்தாலும் இந்த நாவலைப் படிக்கலாம். கொங்கு நாட்டுக் குடியானவக் குடும்பம் ஒன்றில் பாகப்பிரிவினை நடக்கிறது. கடைசித் தம்பி முத்துவுக்கு நியாயம் கிடைக்கவில்லை. அண்ணன் தம்பி உறவு கெட்டு, அந்த ஊரில் இனி இருக்க முடியாது என்றாகி, ஒரு துணையாளோடு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வேறு நிலம் தேடிப் புறப்படுகிறான். அவ்வளவுதான் கதை. "ஃபயர் பேர்ட்" என்ற பெயரில் ஜனனி கண்ணன் செய்த மொழிபெயர்ப்புக்கு 2023-ல் ஜே.சி.பி. இலக்கியப் பரிசு கிடைத்தது. ஆசிரியருக்கு 25 லட்சம், மொழிபெயர்ப்பாளருக்கு 10 லட்சம். தமிழ் நாவலை மொழிபெயர்த்தால் பத்து லட்சம் கிடைக்கும் என்று எங்கள் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்திருப்போம்.

இதை நானும் பெங்களூரில் இருக்கும் என் பேத்தியும் ஒரே சமயத்தில் படித்தோம். நான் தமிழில், அவள் ஆங்கிலத்தில். வாரத்துக்கு ஒரு நாள் போனில் பேசிக்கொள்வது என்று ஏற்பாடு. அவள் நாற்பது பக்கம் போய்விடுவாள், நான் பதினைந்தில் இருப்பேன். காரணம், கொங்குப் பேச்சு. நம் காதில் விழாத சொற்கள், விழுந்தாலும் நாம் வேறு அர்த்தத்தில் வைத்திருக்கும் சொற்கள். மேட்டுக்காடு, தொண்டுப்பட்டி என்று வந்தால் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. அவளுக்கு அந்தத் தடங்கல் இல்லை, ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் ஒரு நாள் அவளாகவே கேட்டாள், "தாத்தா, இதிலே எல்லாரும் ஒரே மாதிரி பேசறாளே, நிஜத்திலேயும் அப்படித்தானா?" நான் தமிழ்ப் பிரதியிலிருந்து இரண்டு பக்கம் படித்துக் காட்டினேன். யாருக்கு யார் எந்த மரியாதையில் பேசுகிறார்கள், வீட்டுக்கு வந்த மாமனாரிடம் ஒரு பேச்சு, பண்ணையாளிடம் ஒரு பேச்சு என்பதெல்லாம் அப்போதுதான் அவளுக்குக் கேட்டது. அவள் பதிலுக்கு ஒன்று செய்தாள். சொற்களில் சிக்கிக்கொண்டு நான் கவனிக்காமல் இருந்த கதைக் கட்டமைப்பை, முன்னும் பின்னுமாகக் காலம் மாறி மாறி வருவதை, ஒரு தாளில் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள்.

நம் பேச்சுக்கும் இதே கதிதான் என்பதை யோசித்துப் பாருங்கள். "ஆத்துக்கு வாங்கோ" என்பதை எப்பேர்ப்பட்ட மொழிபெயர்ப்பாளரும் ஆங்கிலத்தில் கொண்டு வர முடியாது. ஆங்கிலப் பிரதியை மட்டும் படிக்கிற குழந்தைக்கு அங்கே ஒன்று விட்டுப் போயிருக்கிறது என்பதே தெரியாது. தமிழ்ப் பிரதி கையில் இருக்கிற தாத்தாவோ பாட்டியோ பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். அதனால்தான் இரண்டு பிரதி என்கிறேன். அந்த நாவல் முடிந்த பிறகு என் பேத்தி தமிழ் அரிச்சுவடியைத் தானாகவே ஒரு செயலியில் இறக்கிக்கொண்டாள். இப்போது "ட"வுக்கும் "ப"வுக்கும் குழப்பம் இல்லாத நிலைக்கு வந்திருக்கிறாள். மேலே என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

நிலத்தை விட்டுப் புறப்படுவது என்றால் நமக்கு நம் கதைதான் ஞாபகம் வரும். அதைப் பற்றியே ஒரு ஆராய்ச்சிப் புத்தகம் இருக்கிறது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஃபுல்லரும், ஐதராபாத் ஐ.ஐ.டி.யில் பணிபுரியும் ஹரிப்ரியா நரசிம்மனும் சேர்ந்து எழுதிய "தமிழ் பிராமன்ஸ்". 2014-ல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. நம்மைப் பற்றி வெளியார் எழுதினால் ஒன்று புகழ்வார்கள், இல்லை திட்டுவார்கள் என்ற எதிர்பார்ப்போடுதான் நம்மில் யாரும் திறப்போம். இதில் இரண்டும் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திப்பிராஜபுரம் என்ற கிராமம். அங்கே நிலபுலன்களோடு இருந்த பதினெட்டு கிராமத்து வாத்திமக் குடும்பங்கள் எப்படி, எப்போது, எதனால் கிளம்பிச் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள் என்று வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதியிருக்கிறார்கள்.

நம் சங்கக் கூட்டங்களில் வழக்கமாக ஒரு கதை சொல்வோம். இட ஒதுக்கீடு வந்தது, கதவு அடைத்தது, கிளம்பினோம் என்று. அது பொய்யில்லை. ஆனால் முழுக் கதையும் அது அல்ல. தமிழ்நாட்டுப் பிராமணர்கள் இங்கிலீஷ் படிப்பையும் சர்க்கார் உத்தியோகத்தையும் வக்கீல் தொழிலையும் நாடி அக்ரஹாரத்தை விட்டு நகர்ந்தது 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. யாரும் விரட்டாமலே போனவர்கள் நிறையப் பேர். நிலத்தில் வேலை செய்தது வேறு கைகள், நம் முன்னோர் கையில் இருந்தது பட்டா. அதனால் விட்டுப் போவது அவர்களுக்குச் சுலபமாகவும் இருந்தது. இதைச் சொல்வதால் யாருக்காவது வருத்தம் என்றால் காபி சமயத்தில் என்னிடம் சண்டை போடலாம். முத்து மாட்டு வண்டியில் நிலம் தேடிப் போவதையும், நம் பாட்டனார் நிலத்தை விற்று ரயில் ஏறியதையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டும் வேறு வேறு விதமாகத் தெரிகிறது. அதற்காகவே இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆராய்ச்சிப் புத்தகம் என்பதால் சில அத்தியாயங்கள் அட்டவணையும் விவாதமுமாக நகரும். பெண்களின் படிப்பும் கல்யாண வயதும் எப்படி மாறின என்று சொல்லும் பகுதியை மாமிகள் அவசியம் படிக்க வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். அம்பை என்ற பெயரில் எழுதும் டாக்டர் சி.எஸ். லட்சுமி கோயம்புத்தூரில் பிறந்தவர் என்றாலும் மும்பைக்காரர். பெண்களின் வாழ்க்கையை ஒலியாகவும் படமாகவும் ஆவணப்படுத்தும் "ஸ்பாரோ" என்ற அமைப்பை 1988-லிருந்து இந்த நகரத்தில் நடத்தி வருகிறார். "சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை" என்ற சிறுகதைத் தொகுப்புக்கு 2021-ம் வருஷத்துச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஜி.ஜே.வி. பிரசாத் அதை ஆங்கிலத்தில் கொண்டு வந்திருக்கிறார். தலைப்புக் கதையில், சங்கீதத்தில் ஊறிய ஒரு வீட்டில் காது கேளாத பெண் குழந்தை வளர்கிறாள். சண்முகானந்தாவிலும் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸிலும் வருஷம் பூராவும் கச்சேரி கேட்கிற நமக்கு அந்தக் கதை எங்கே தைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இளைஞர்களுக்கு அவருடைய "அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு" இன்னும் பிடிக்கும். சுதா குப்தா என்ற பெண் துப்பறிவாளர் மும்பையில் வழக்குகளைத் துலக்குகிற கதைகள். இதுவும் ஆங்கிலத்தில் உண்டு. நாம் தினமும் ஏறி இறங்குகிற ஊரைத் தமிழில் படிப்பது ஒரு தனி ருசி. நாஞ்சில் நாடன் எழுபதுகளில் இங்கே வேலை பார்த்துக்கொண்டே எழுதத் தொடங்கியவர். "மிதவை", "சதுரங்கக் குதிரை" நாவல்களில் அன்றைய பம்பாய் இருக்கிறது. என் வரையறைப்படி அவை பழைய புத்தகங்கள், ஆனால் நம் அலமாரியில் அவையும் இல்லை.

கட்டுரைப் பகுதியில் நான் முதலிடம் கொடுப்பது ஆ.இரா. வேங்கடாசலபதிக்கு. பதினேழு வயதில், 1984-ல், வ.உ.சி.யின் கடிதங்களைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாகப் போட்டவர். நாற்பது வருஷம் கழித்து, "திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908" என்ற நூலுக்கு 2024-ம் வருஷத்துச் சாகித்திய அகாதமி விருது பெற்றார். ஒரே விஷயத்தை நாற்பது வருஷம் விடாமல் துரத்துவது எப்படிப்பட்ட காரியம் என்று கோப்பு பார்த்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மேஜை மாறிவிடுவோம்.

சுதேசிக் கப்பல் கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அதில் பம்பாய்க்கு உள்ள பங்கு பலருக்குத் தெரியாது. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் பத்து லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். கையில் சொந்தக் கப்பல் இல்லை. முதலில் வாடகைக்குக் கப்பல் கொடுத்தது பம்பாயின் ஷா கம்பெனி. வெள்ளைக்காரர்களின் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொடுத்த நெருக்கடியில் அந்த ஏற்பாடு முறிந்தது. வ.உ.சி. கப்பல் தேடிக்கொண்டு இங்கேதான் வந்தார். பிறகுதான் "காலியா", "லாவோ" என்ற கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. 1908 மார்ச் 12-ந் தேதி அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் புத்தகம். நமக்கு 1911-ல் மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனைத் தெரியும். அவர் பெயரைக் குழந்தைகளுக்கும் சொல்கிறோம். 1908-ல் தெருவில் இறங்கிய சாதாரண ஜனங்கள் யார், என்ன தொழில் செய்தவர்கள் என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. வேங்கடாசலபதி அவர்களையும் தேடிப் பிடித்திருக்கிறார். சுதேசிக் கப்பல் கம்பெனியின் வரலாற்றை அவரே "சுவதேசி ஸ்டீம்" என்று ஆங்கிலத்திலும் விரிவாக எழுதியிருப்பதால் வீட்டில் அந்த ஜோடியாக வாங்கலாம்.

அதற்கு இரண்டு வருஷம் முந்தைய விருது நாவலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மு. ராஜேந்திரனின் "காலா பாணி", 2022. ஆசிரியர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். மருது சகோதரர்களை 1801-ல் தூக்கிலிட்ட பிறகு, சிவகங்கை அரசர் வேங்கை பெரிய உடையணத் தேவர் உள்ளிட்ட 73 பேரைக் கம்பெனியார் 1802-ல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். கதை அவர்களைப் பற்றியது. சில இடங்களில் நாவலாசிரியரைத் தள்ளிவிட்டு அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டுவிடுகிறார். எனக்கு அது குறையாகப் படவில்லை, உங்களுக்குப் படலாம்.

விஞ்ஞானப் பட்டதாரி என்பதால் ஒரு விஞ்ஞானப் புத்தகம். வெங்கி ராமகிருஷ்ணனின் "ஜீன் மெஷின்", 2018. சிதம்பரத்தில் 1952-ல் பிறந்து, பரோடாவில் வளர்ந்து, அங்கேயே பௌதிகத்தில் பட்டம் வாங்கி அமெரிக்கா போனவர். 2009-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டார். செய்தி வந்ததும் இந்தியாவிலிருந்து மின்னஞ்சல்கள் குவிந்து தன் வேலையே கெட்டுப்போவதாக அவர் அலுத்துக்கொண்டது பத்திரிகைகளில் வந்தது. நம் அங்கத்தினர்கள் அதற்கு எவ்வளவு பங்களிப்புச் செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. உயிரணுவுக்குள் ரைபோசோம் என்ற நுண்ணிய தொழிற்சாலை இருக்கிறது. மரபுச் செய்தியை மூன்று மூன்று எழுத்தாகக் கூட்டிப் படித்து, அந்தந்தச் சொல்லுக்குரிய அமினோ அமிலத்தைக் கோத்துப் புரதமாக நெய்வது அதன் வேலை. அதன் உருவத்தை அணு அணுவாகக் கண்டுபிடிக்கப் பல ஆய்வுக்கூடங்கள் போட்டி போட்ட கதையை, பொறாமை, அவசரம், பரிசு ஆசை எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிளஸ் டூ குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் வாங்குங்கள். ஐ.ஐ.டி. நுழைவிலும் வேலூர் மருத்துவக் கல்லூரி நுழைவிலும் தமக்கு இடம் கிடைக்கவில்லை என்பதை வெங்கி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கோட்டாவுக்கு அனுப்பிவிட்டு ராத்திரி தூங்காமல் இருக்கும் பெற்றோர்கள் இந்த வரியை மட்டுமாவது குழந்தையிடம் சொல்லட்டும். 2024-ல் "வொய் வி டை" என்று இன்னொரு புத்தகம் எழுதியிருக்கிறார். மூப்பும் மரணமும் ஏன் வருகின்றன என்று. என் வயதில் அதைப் படுக்கப் போகும் முன் படிக்க வேண்டாம், காலையில் படிக்கலாம்.

கவிதை. இங்கே எனக்குக் கொஞ்சம் தயக்கம். வெண்பாவின் தளை தட்டினால் முகம் சுளிக்கும் ஆசிரியரிடம் படித்தவன் நான். யாப்பில்லாத புதுக்கவிதையில் எது வரி, எது வாக்கியம் என்று இன்னமும் எனக்குச் சில சமயம் பிடிபடுவதில்லை. இரண்டு புத்தகங்களோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒன்று, அர்ச்சனா வெங்கடேசன் திருவாய்மொழியின் 1102 பாசுரங்களையும் ஆங்கிலத்தில் தந்திருக்கும் "எண்ட்லெஸ் சாங்", பெங்குவின், 2020. கோயிலில் சேவிக்கும்போது குழந்தைகள் பக்கத்தில் நிற்கிறார்கள், ஒரு சொல்லும் புரியாமல். அர்த்தம் கேட்டால் நாமும் வியாக்கியானத்தை முழுங்கி முழுங்கித்தான் சொல்கிறோம். இது அந்த இடத்தில் உதவும்.

மற்றது, இலங்கைக் கவிஞர் சேரன். யாழ்ப்பாணத்துக்காரர், கனடாவில் பேராசிரியராக இருந்தவர். லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம் மொழிபெயர்த்த "இன் எ டைம் ஆஃப் பர்னிங்" 2013-ல் இங்கிலாந்தில் வந்தது. தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் இதற்கு மட்டும் ஒரு பிரதி போதும். 1981 ஜூன் 1-ந் தேதி விடியும்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து கிடந்தது. சுமார் 97,000 புத்தகங்கள், அவற்றோடு திரும்பக் கிடைக்காத ஏட்டுச் சுவடிகள். அந்தத் தீயைப் பார்த்த தலைமுறையின் கவிதை இது. படிக்கும்போது யாப்பு இல்லை என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. மொழிபெயர்த்த லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம் 2016-ல் காலமானார். அம்பையை, சல்மாவை, இன்னும் எத்தனையோ பேரை ஆங்கிலத்துக்குக் கொண்டு சேர்த்த அம்மையார். எழுத்தாளர் பெயர் நினைவில் நிற்கிறது, மொழிபெயர்ப்பாளர் பெயரை யாரும் கேட்பதில்லை. வாங்கும்போது அட்டையில் அந்தப் பெயரையும் பாருங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் என்று தெரிந்தால் அவர் செய்த அடுத்த புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நான் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். மாட்டுங்காவில் பக்திப் புத்தகமும் பஞ்சாங்கமும் கிடைக்கிற அளவுக்குப் புது நாவல் கிடைப்பதில்லை. பதிப்பகங்களே நேரடியாகத் தபாலில் அனுப்புகின்றன. முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் ஆயிரம் பிரதி அச்சடித்துக் கிடங்கில் போட்டு, விற்றுத் தீர்ந்தால் அதோடு சரி. இப்போது கேட்கக் கேட்க ஐம்பது, நூறு என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள், அதனால் "ஸ்டாக் இல்லை" என்ற பதில் குறைந்துவிட்டது. கண் சரியில்லாதவர்களுக்குக் கிண்டிலில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறது. எனக்கு இடது கண்ணில் கேடராக்ட் அறுவைக்கு முன் ஆறு மாதம் அதுதான் துணை. மற்ற நகரங்களில் இருக்கும் அங்கத்தினர்கள் தங்கள் கிளையில் இப்படிப் பத்துப் புத்தகம் ஜோடியாக வாங்கி வைத்தால், எந்தெந்தப் புத்தகம் என்று இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். நாங்களும் வாங்குவோம்.

நான் சொன்னவற்றில் ஆறு புத்தகங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வாசல் பக்கத்து மேஜையில் வைத்திருக்கிறேன். "ஆளண்டாப் பட்சி"யின் தமிழ்ப் பிரதியில் என் பென்சில் குறிப்புகள் இருக்கும், கண்டுகொள்ள வேண்டாம். எடுத்துப் போகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் நோட்டில் பெயர், ஃபிளாட் நம்பர், தேதி எழுதிவிட்டுப் போகவும். ஜோடியைப் பிரித்து எடுத்துப் போகக் கூடாது.